68,000 ரூபாய் சம்பளத்தில் மட்டக்களப்பு டவுனில் தனியாக இருக்க முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலைச் சேர்ந்த 26 வயதுத் தங்கச்சி. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 50,000, கொடுப்பனவுகள் 22,000, பிடிப்பது போகக் கையில் 68,000. யாரோடும் அறையைப் பங்கு போடாமல் தனியாக, ஓரளவு வசதியாக இருக்க ஆசைப்படுகிறார். டவுனுக்குக் கிட்ட இருக்கிற ஆரையம்பதியில் சின்னம்மா வீட்டில் நிற்கச் சொல்லி அம்மா சொல்கிறார். லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுக்கலாமா, வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் நேரான பதில்: முடியும். மட்டக்களப்பில் கையில் 68,000 வந்தால் ஒரு ஆள் நல்ல சாப்பாடு சாப்பிட்டு, சுத்தமான இடத்தில், யாரிடமும் கை நீட்டாமல் இருக்கலாம். ஆனால் ஸ்கூட்டிக்கு லீசிங் எடுத்தால் முடியாது. வீட்டுக்கு இவ்வளவுதான் என்று தொகை பேசாமல் வந்தாலும் முடியாது. சந்தை விலையால் விழுந்த இளம் பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பும், வந்த முதல் மூன்று மாதத்திலும் எதற்கெல்லாம் கையெழுத்து வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. நான் வேலை செய்த இடத்தில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்கு நெடுங்காலம் பொருளாளராக இருந்தேன். கடன் கேட்டு வருகிறவர்கள் சம்பளச் சிட்டையைக் கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். அதைப் பார்த்தாலே அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்பது விளங்கிவிடும். ஒரு தம்பியின் சிட்டை இன்றைக்கும் மனதில் நிற்கிறது. மொத்தச் சம்பளம் 82,000, உங்களுடையதை விடக் கூட. ஊழியர் சேமலாப நிதி (EPF), வங்கிக் கடன், சங்கக் கடன், பண்டிகை முற்பணம் எல்லாம் கழித்துக் கையில் 52,000. நான் சிட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பேனாவால் தானே எழுதி வைத்திருந்தார்: லீசிங் 17,500, ஃபோன் தவணை 6,000, சீட்டு 5,000. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 23,500. அதில் 10,000 வாடகை. மிச்சம் 13,500 ரூபாயில் ஒரு மாதம் சாப்பிட வேண்டும், ஊருக்குப் போய் வர வேண்டும். அதனால் இன்னொரு கடன் கேட்டு வந்திருந்தார். நல்ல பிள்ளை, குடி இல்லை, வீண் செலவு என்று சொல்லவும் எதுவும் இல்லை. ஒவ்வொரு கையெழுத்தும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களை விட வயதில் மூத்தவர்கள் "நாங்கள் 25,000 ரூபாயில் டவுனில் இருந்து சேமித்தும் காட்டினோம்" என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் 2022க்கு முந்திய கணக்கு. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. பிறகு பணவீக்கம் இறங்கியது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறிய விலை ஏறினதுதான், பழைய இடத்துக்கு வரவில்லை. ஆகவே பழைய கணக்கை வைத்து உங்களை யாரும் ஊதாரி என்று சொன்னால் மனம் நோக வேண்டாம். அதே நேரம், தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்துதான் 30,000 ஆகியிருக்கிறது. டவுனில் புடவைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கிற பிள்ளைகள் அந்தத் தொகையை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். ஒரு அறையில் நாலு பேராக இருந்து, அதிலும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களோடு பார்த்தால் உங்கள் கையில் இருப்பது நல்ல சம்பளம். அதைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

தினமும் திருக்கோவிலில் இருந்து வந்து போவது சரிவராது. எழுபது கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி என்று பஸ் ஒவ்வொரு இடமாக நின்று வரும். போக வர நாலைந்து மணித்தியாலம் பஸ்ஸிலேயே போய்விடும். கல்முனை, பாண்டிருப்பு ஆட்கள் வந்து போகிறார்கள், அவர்களுக்கே ஒரு வருடத்தில் முதுகு நொந்துவிடும். சின்னம்மா வீடு நல்ல யோசனைதான், முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு. ஊர் பிடிபடும், நிதானமாக அறை தேடலாம். அதற்கு மேல் நிற்பதானால் வீட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது, சின்னம்மாவின் பிள்ளைகளுக்கு டியூசன் காசு, அவர்கள் வீட்டு விசேஷம் என்று வாடகைக்குக் கிட்டவே செலவு வரும். அதோடு, எட்டு மணிக்கு வந்தால் ஏன் என்று கேட்பார்கள். உறவு கெடாமல் வெளியே வருவதற்குச் சின்னம்மாவிடம் முதல் நாளே "தை மாதம் வரைக்கும்" என்று ஒரு காலத்தைச் சொல்லி வையுங்கள்.

இனி அறை. இது நிதானமாகப் பேச வேண்டிய விசயம்.

டவுனில் தனி ஆளுக்கு இரண்டு வகை இடம் கிடைக்கும். ஒன்று போர்டிங் அறை: தனி அறை, ஆனால் குசினியும் குளியலறையும் பொது, அல்லது வீட்டுக்காரர்களோடு சேர்ந்தது. இடத்தைப் பொறுத்து 9,000 முதல் 13,000 வரை கேட்பார்கள். மற்றது அனெக்ஸ்: வீட்டின் ஒரு பக்கத்தைப் பிரித்து, தனி வாசல், சின்னக் குசினி, சொந்தக் குளியலறை வைத்துக் கட்டியது. ஓரளவு ஒழுங்கான அனெக்ஸ் 18,000க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம், புதுக் கட்டடம் என்றால் 25,000ஐயும் தாண்டும். அரசடி, கோட்டமுனை, தாண்டவன்வெளிப் பக்கம் நடந்தே டவுனுக்குப் போகலாம், ஆனால் விலை கூட. பாலம் தாண்டிக் கல்லடி, உப்போடை, நொச்சிமுனை என்று போகப் போகக் கொஞ்சம் குறையும். ஒரு பெண்பிள்ளை தனியாக இருப்பதற்கு நான் கல்லடி, உப்போடைப் பக்கத்தைத்தான் சொல்லுவேன். ஒழுங்கைக்கு ஒழுங்கை வீடும் ஆளும் இருக்கிறது, பிரதான வீதியில் இருட்டிய பிறகும் பஸ்ஸும் சனமும் இருக்கும்.

இடம் பார்க்கப் போனால் சுவரைப் பாருங்கள். மார்கழி வெள்ளம் ஏறின வீடு என்றால் தரையில் இருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துக்குப் பெயின்ட் வெளிறி, கீழே பூத்துப் போயிருக்கும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கதவு நிலையின் அடிக்கட்டையைப் பாருங்கள், அது காட்டிக் கொடுக்கும். வடகீழ்ப் பருவ மழைக்குத் தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்பது இங்கே வருடா வருடம் நடப்பது. கட்டிலுக்குக் கீழே சாமான் வைத்திருக்கிற தனி ஆளுக்கு ஒரு இரவு வெள்ளம் போதும், 30,000 ரூபாய்ச் சாமான் நட்டம்.

அப்புறம் கரண்ட் மீற்றர். "கரண்ட் பில் தனி" என்பார்கள், எப்படித் தனி என்று கேளுங்கள். எங்கள் நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கிறவர்களுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டிவிட்டால் முதல் அலகில் இருந்தே வேறு, கூடிய விலை. 90, 120, 180 என்று ஒவ்வொரு படிக்கும் இன்னும் ஏறும். உங்களுக்கென்று தனி மின் மீற்றர் இருந்தால் 60க்குள் நின்று கொள்ளலாம். வீட்டுக்காரரின் மீற்றரில் இருந்து ஒரு சப் மீற்றர் போட்டிருந்தால், அவர்கள் வீட்டில் ஏற்கனவே 100 அலகு ஓடுகிறதென்றால், உங்கள் 40 அலகும் மேல் படி விலையில் போய் விழும். பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை வாடகை பேசும்போதே பேசிக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் முகம் சுளிக்கிற விசயமாகிவிடும்.

மின்விசிறி 70 வாட் என்று வைத்தால் இரவு பத்து மணித்தியாலம் ஓட மாதம் 21 அலகு. அது இல்லாமல் முடியாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசுகிற நாட்களில் மாலை வரைக்கும் சுவர் சுடும். சின்ன ஃபிரிட்ஜுக்கு மாதம் இருபது, முப்பது அலகு வரும். ரைஸ் குக்கர், பல்ப், ஃபோன் சார்ஜ் எல்லாம் சேர்த்து அந்த 60க்கு அருகில் வந்து நிற்கும். ஏசி அறை என்று ஆசை காட்டினால் வேண்டாம். இரவில் எட்டு மணித்தியாலம் போட்டால் அது மட்டுமே மாதம் 200 அலகை ஒட்டிப் போகும்.

தண்ணீருக்கு இந்தளவு யோசிக்கத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, ஒரு ஆளுக்குப் பில் சின்னது. கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் என்றால் குடித்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் குடிநீருக்குத் தனிச் செலவு வரும்.

பெரிய விசயம் அட்வான்ஸ். அனெக்ஸுக்கு மூன்று மாதமும் கேட்பார்கள், ஆறு மாதமும் கேட்பார்கள். இதில் இரண்டு வகை இருக்கிறது. மாதா மாதம் வாடகையில் கழிந்து போகிற அட்வான்ஸ் ஒன்று, விட்டுப் போகும்போது திருப்பித் தருகிற அட்வான்ஸ் மற்றது. எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். 18,000 ரூபாய் இடத்துக்கு ஆறு மாதம் என்றால் 108,000. இதற்கு மேல் காஸ் சிலிண்டர், அடுப்பு, மெத்தை, மின்விசிறி, குக்கர், வாளி, திரைச்சீலை. எவ்வளவு சிக்கனமாக வாங்கினாலும் 50,000 பறந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளையின் கையில் இந்தக் காசு இருக்காது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான். பிறகு மாதா மாதம் அதற்கு வட்டி கட்ட வேண்டும். கொஞ்சப் பேர் அம்மாவின் பெயரில் கிழமைக் கடன் எடுக்கிறார்கள். குழுவாகச் சேர்ந்து பெண்கள் எடுக்கிற அந்தக் கடன்களால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை குடும்பம் சீரழிந்தது என்பது உங்களுக்கும் தெரியும். தயவு செய்து அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆகவே என் யோசனை: முதல் ஆறு மாதம் போர்டிங் அறை. தனி அறைதான், பங்கு இல்லை, நீங்கள் கேட்ட தனிமை இருக்கும். பொதுக் குசினியைச் சகித்துக் கொள்ளுங்கள். அனெக்ஸ் அதற்குப் பிறகு. ஏன் என்பதைக் கணக்கில் காட்டுகிறேன்.

அனெக்ஸில் இருப்பதாக வைத்து ஒரு மாதத்தைப் போட்டுப் பார்க்கலாம். வாடகை 18,000. கரண்டும் தண்ணீரும் 2,500. பெரிய சிலிண்டர் ஒரு ஆளுக்கு மூன்று மாதம் போகும், மாதத்துக்கு 1,300 என்று வையுங்கள். சாப்பாடு 21,000. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வர, இடையில் ஒரு ஓட்டோ, எல்லாம் 3,000. ஃபோனும் டேட்டாவும் 2,000. சவர்க்காரம், ஷாம்பூ, பெண்களுக்கான சாமான், மருந்து 4,000. உடுப்பு, கல்யாண வீட்டு என்வலப், சாமத்திய வீடு, கோயில் 4,000. மொத்தம் 55,800. மிச்சம் 12,200. போர்டிங் அறை 11,000 என்றால் மிச்சம் 19,200 ஆகிவிடும். அதில் வீட்டுக்கு 10,000 கொடுத்தாலும் 9,200 கையில் நிற்கும். ஆறு மாதத்தில் 55,200. ஒரு அனெக்ஸின் மூன்று மாத அட்வான்ஸ் 54,000. யாரிடமும் கேட்காமல் உங்கள் சொந்தக் காசில் சாவியை வாங்கலாம்.

சாப்பாட்டுக்கு 21,000 எப்படி என்று கேட்பீர்கள். மூன்று வேளையும் கடையில் என்றால் நாளுக்கு 1,000 ரூபாய் சர்வ சாதாரணமாகப் போகும், மாதம் 30,000. மூன்று வேளையும் சமைத்தால் 16,000, 17,000க்கும் முடிக்கலாம், ஆனால் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருகிற ஆள் தினமும் சமைப்பார் என்று கணக்குப் போடுவது பொய்க்கணக்கு. காலையில் இடியப்பம் கடையில் வாங்குங்கள். வீட்டில் அவித்து விற்கிற அக்காமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள், சொதியும் சம்பலும் சேர்த்துத் தருவார்கள். தனி ஆள் மாவு குழைத்து உரல் பிழிந்து கொண்டிருக்கத் தேவையில்லை. மத்தியானச் சோறு காலையிலேயே குக்கரில் வைத்துக் கட்டிக் கொண்டு போங்கள். காசு மிச்சமாவது இந்த ஒரு வேளையில்தான். கடைச் சோற்றுப் பார்சல் மீனோடு 400 என்றால், மாதம் 22 வேலை நாளுக்கு 8,800. இரவுக்குப் பாணும் பருப்பும், புட்டு, சில நாள் கொத்து. ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கள்.

அரிசி, மீன், தயிர் மூன்றும் எங்கள் மண்ணில் கிடைப்பது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை கிலோ 230. ஒரு ஆளுக்கு மாதம் ஏழு, எட்டுக் கிலோ போதும், அதாவது 2,000க்குள். உங்கள் ஊரில் வயல்காரர் யாராவது இருப்பார்கள், பெரும்போக அறுவடை முடிந்ததும் அரை மூட்டை குத்தி எடுத்து வந்தால் மாதக்கணக்கில் அரிசிக் கவலை இல்லை. மரக்கறிதான் இங்கே கையைக் கடிக்கும். கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் மலையில் இருந்தும் தம்புள்ளையில் இருந்தும் வருவது. முருங்கை இலை, வல்லாரை, கத்தரி, பூசணி என்று இங்கே விளைவதை வாங்கப் பழகுங்கள். தேங்காயும் விலைதான், அதற்கு வழியில்லை. ஊருக்குப் போகும்போது பையில் நாலு போட்டுக் கொண்டு வாருங்கள்.

மீனில் தனி ஆளுக்கு ஒரு சிக்கல் உண்டு. காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஹோர்ன் அடித்துக் கொண்டு வருகிறவர் கால் கிலோ வெட்டித் தர மாட்டார், நேரமும் இல்லை அவருக்கு. அரைக் கிலோ சூடை வாங்கினால் ஒரு ஆள் அன்றைக்கே தின்று முடிக்க முடியாது. வீட்டுக்கார அம்மாவோடு பாதிப் பாதி என்று பேசிக் கொள்ளுங்கள். அவர் வாங்கி, கழுவி, உங்கள் பங்கைத் தனியாக எடுத்து வைப்பார், நீங்கள் கிழமை முடிவில் காசைக் கொடுப்பீர்கள். இப்படி ஒரு ஏற்பாட்டோடு மூன்று வருடம் இருந்த ஒரு டீச்சரை எனக்குத் தெரியும், வீட்டுக்காரர்கள் அவரைக் கடைசியில் சொந்தப் பிள்ளை போலத்தான் அனுப்பி வைத்தார்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் போகாது, மீன் விலை இரண்டு மடங்காகும். அந்த மாதங்களுக்கு வாவி மீனும் முட்டையும் கருவாடும்.

ஸ்கூட்டிக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து விலை ஏறி, 2025 பெப்ரவரியில் தடையை எடுத்த பிறகும் பழைய விலைக்கு வரவில்லை. புது ஸ்கூட்டி 5 இலட்சத்தைத் தாண்டும். லீசிங் மாதத் தவணை 15,000க்குக் கீழே வருவது கஷ்டம், அதுவும் மூன்று நாலு வருடத்துக்கு. இதோடு பெற்றோல், காப்புறுதி, வருட வரிப்பத்திரம், சேர்விஸ். மேலே அனெக்ஸ் கணக்கில் மிச்சம் வந்தது 12,200. தவணை மட்டுமே அதைத் தின்றுவிட்டு இன்னும் கேட்கும். வீட்டுக்கு ஒரு சதமும் கொடுக்க முடியாது. ஒரு மாதம் சுகயீனம் என்றால் தவணை பிந்தும், பிந்தினால் அபராத வட்டி, பிறகு தவணை கட்டாத வண்டியைப் பறித்துப் போகிற சீசர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். அதைக் கண்ட அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

மட்டக்களப்பு மேடு பள்ளம் இல்லாத தட்டை ஊர். கல்லடியில் இருந்து டவுனுக்குச் சைக்கிளில் பதினைந்து நிமிசம். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் ஓய்வு பெற்ற அதிபர் அம்மா வரை சைக்கிளில் போகிற ஊர் இது, யாரும் குறைவாக நினைப்பதில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470க்குப் போனபோது கார் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத்தான் தேடினார்கள். நல்ல நிலையில் உள்ள பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். மழை நாளுக்குப் பஸ் இருக்கிறது. ஸ்கூட்டி கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு வருடம் கழித்து, பாதிக் காசுக்கு மேல் கையில் சேர்த்துக் கொண்டு, பழையதாகப் பாருங்கள்.

இனி வீட்டுக்குக் கொடுக்கும் காசு. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச எங்கள் ஆட்களுக்குக் கூச்சம், அதனால்தான் பல பிள்ளைகள் திணறுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கத்திலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்துக்கு முன் வீடு எழும்பியிருக்க வேண்டும். உங்கள் வீடு பாதி கட்டி, கதவு உயரத்தில் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது, கீழே இன்னொரு தங்கச்சி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போ அப்பா அம்மாவின் தலையில் இரண்டு வீடு. உங்கள் சம்பளக் கடிதம் வந்த அன்றே அவர்கள் மனதில் கூரை ஓடு ஓடியிருக்கும். அதில் பிழை இல்லை. பிழை எங்கே வருகிறது என்றால், தொகை பேசாமல் விடும்போது. இந்த மாதம் 10,000, அடுத்த மாதம் மேசன் வந்துவிட்டார் என்று 25,000, அதற்கு அடுத்த மாதம் நீங்கள் கடன் வாங்கிக் கொடுப்பீர்கள்.

முதல் சம்பளத்துக்கு முன்பே அப்பாவையும் அம்மாவையும் இருத்தி, "மாதம் 10,000 தருவேன், எந்த மாதமும் தவறாது, அதற்கு மேல் என்னால் ஏலாது" என்று சொல்லுங்கள். 10,000 ரூபாய் என்றால் ஏறக்குறைய ஐந்து பைக்கற் சீமெந்து. வருடத்துக்கு 120,000. மாதா மாதம் தவறாமல் வருகிற தொகையை வைத்து அப்பா மேசனோடு பேசி வேலையைத் திட்டம் போடலாம். ஒரு மாதம் 25,000 வந்து மறுமாதம் ஒன்றும் வராமல் போவதை விட அது அவருக்கு உதவி. அது உங்கள் பெயருக்கு வரப்போகிற வீடு, அதனால் அந்தக் காசை இழந்த காசாக நினைக்கவும் வேண்டாம். அனெக்ஸுக்கு மாறின பிறகு கையில் நிற்பது 2,200 மட்டும்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சம்பளம் கூடாவிட்டால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் போர்டிங்கிலேயே ஒரு வருடத்தை முடிப்பேன்.

சீட்டுப் பிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அலுவலகத்தில் பழக்கமான பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கிற சின்னச் சீட்டு பரவாயில்லை. வெளியே ஆளுக்கு ஆள் தெரியாத சீட்டு வேண்டாம். வங்கியில் போட்டால் வட்டிக்கு 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். உங்கள் சம்பளம் அதற்குள்தான், வருமான வரியும் இல்லை. படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாக நீட்ட மாட்டார்கள்.

சுகயீனத்துக்குப் பயப்பட வேண்டாம். போதனா வைத்தியசாலை டவுனுக்குள்ளேயே இருக்கிறது, காசு இல்லை. வரிசையில் நிற்க நேரம் இல்லாமல் பின்னேரம் தனியாரில் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது முற்பதிவு செய்து பார்த்தால் மருந்தோடு நாலைந்து ஆயிரம் போகும். அதற்காக 15,000 ரூபாயைத் தொடாமல் ஒரு கணக்கில் வைத்திருங்கள், முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே. அதனால் அனெக்ஸ் அட்வான்ஸ் சேர இன்னும் இரண்டு மாதம் பிந்தும், பரவாயில்லை.

பொழுதுபோக்குக்கு நான் தனியாகக் காசு ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேலை முடிந்து கல்லடிக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் காற்றுக்குக் காசில்லை, கடலைச் சுருளுக்கு மட்டும்தான். காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி உட்காரலாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போவதா, உங்கள் ஊர்ச் சித்திர வேலாயுதர் தீர்த்தத்துக்குப் போவதா என்பதுதான் உங்களுக்குச் சிக்கலாக இருக்கும். கொழும்பில் இதே 68,000 என்றால் வெள்ளவத்தையில் ஒரு அறைக்கே பாதிக்குக் கிட்டப் போய்விடும், மாலையில் உட்கார இடம் தேட வேண்டும்.

கடைசியாக வேலைக் கடிதத்தைப் பற்றி. உங்கள் கையில் வருவது 68,000 என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 50,000க்கு 8 சதவீதம், அதாவது 4,000 ரூபாய் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கிறார்கள். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம், 6,000 போட வேண்டும். மாதம் 10,000 உங்கள் பெயரில் சேரும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) இன்னும் 3 சதவீதம், அதுவும் அவர்கள் காசு. பத்து வருடம் கழிந்து கணக்கில் 3 இலட்சமாவது இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை இடையிலேயே எடுக்கலாம். சில இடங்களில் முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், அதனால் சேமலாப நிதி இல்லை என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும். கையெழுத்து வைக்க முதல் அந்த வரி கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொடுப்பனவுகள் 22,000 பயிற்சிக் காலத்திலும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லையென்றால் கையில் வருவது 46,000. அப்படியானால் அறை 9,000க்குள் பார்க்க வேண்டும், வீட்டுக்கு 10,000 என்ற பேச்சையும் அந்த ஆறு மாதத்துக்குப் பின்தள்ள வேண்டும்.